பச்சை விளிம்பு போட்ட பெட்டி

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டம் என்ற ஊரில் உள்ள ஒரு மென்பொருள் அலுவலகத்தில் சென்ற மாதம் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கணினித் திரைகளை வடிவமைக்கும் பிரிவு அது. யார் எந்த இடத்தில் அழுத்துகிறார்கள், எங்கே தயங்குகிறார்கள் என்பதையெல்லாம் இப்போது கணினியே எண்ணி அறிக்கை தந்துவிடுகிறதாம். யாரும் யாருக்குப் பின்னாலும் போய் உட்கார வேண்டியதில்லை. பேசி முடித்ததும் ஒரு பெண் எழுந்து, இத்தனை வருட வேலையில் நான் செய்ததிலேயே பெரியது எது என்று கேட்டாள். "ஒரு பெட்டியை எடுத்தது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அவர்களுடைய ஆண்டு மலருக்காக அதை எழுதித் தரும்படி கேட்டார்கள். என் நாட்குறிப்புகள் கரமனை வீட்டு அலமாரியில் வருட வரிசையில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தே இதை எழுதுகிறேன். பேச்சுகள் மட்டும் நினைவிலிருந்து.

நான் படித்தது வரைபடக் கலை. மின்னணுக் கருவிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், கருவியின் முகப்பில் எந்தக் குமிழ் எங்கே இருக்க வேண்டும் என்று வரைகிற வேலையில் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் வரைபலகை போய்க் கணினி வந்தது. அங்கே கழிந்த பத்து வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. குமிழ்களுக்கு இடையே விரல் நுழைய இடம் விட வேண்டும் என்று கற்றேன். அது பின்னால் உதவியது.

இரண்டாயிரத்தைத் தாண்டிய முதல் சில ஆண்டுகளில், அரசு அலுவலகங்களுக்கு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் ஒரு டெஸ்க்டாப்பைத் தயார்செய்ய ஒரு சிறு பிரிவு தொடங்கினார்கள். நிரந்தர வேலையை விட்டுவிட்டு அதில் சேர்ந்தேன். தம்பானூரில், ஒரு ஓட்டலுக்கு மேல் மாடியில் இரண்டு அறைகள். காலை பதினொரு மணி வரை மசால்தோசை வாசனையிலேதான் வேலை நடக்கும். நாங்கள் ஏழு பேர். தலைவி விமலா மேடம்.

அவரும் என்னைப்போலக் கருவி முகப்பிலிருந்து வந்தவர். சட்டைப்பை இல்லாததால் புடவை முந்தானையில் ஒரு ஆறங்குல எஃகு ஸ்கேலைச் செருகி வைத்திருப்பார். திரையில் ஏதாவது காட்டினால் முதலில் ஸ்கேலை வைத்து அளப்பார். நன்றாக இருக்கிறது, மோசமாக இருக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. எதைக் காட்டினாலும் ஒரே கேள்விதான்: "ஆர்க்கு வேண்டி, சாமீ?" யாருக்காக என்று பொருள். திருவனந்தபுரத்தில் என்னைப்போன்ற கரமனை அக்கிரகாரத்துத் தமிழர்களைச் சாமி என்று அழைப்பது வழக்கம். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அந்த வேலை அங்கேயே நிற்கும்.

அவரிடம் இரண்டு நடைமுறைகள் இருந்தன. முதலாவது, திரையில் வரும் எதையும் முதலில் கிராஃப் தாளில் பென்சிலால் வரைய வேண்டும். ஒரு பெட்டிக்கு ஒரு தாள். தாளின் அடியில் 'வரைந்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாவது, வரைந்தவரே போய், அதைப் பயன்படுத்துகிறவருக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் உட்கார வேண்டும். மூன்று நாள். பேசக் கூடாது. வலது கையில் பேனா, இடது கை தொடைக்கு அடியில். ஏனென்றால் நாம் செய்த திரையில் ஒருவர் தடுமாறும்போது நம் கை தானாக நீண்டு, இதோ இங்கே என்று காட்டிவிடும். காட்டிவிட்டால் அன்றைய குறிப்பு பாழ். மூன்றாம் நாள் கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். அதுவும் அவர் என்ன நினைத்தார் என்று கேட்கக் கூடாது. அவருடைய கை என்ன செய்தது என்பதைப் பற்றித்தான் கேட்க வேண்டும்.

முதல் வெற்றி சீக்கிரமே வந்தது. லினக்ஸில் அன்று எல்லாமே தாராளம். கடிதம் எழுத நான்கு நிரல்கள், மூன்று கடிகாரங்கள், சீட்டாட்டம் உட்பட ஆறு விளையாட்டுகள். எல்லாம் ஒரே பட்டியலில் தொங்கும். "ஒரு கிளார்க்கின் மேசையில் எத்தனை பேனா இருக்கும்?" என்றார் மேடம். கடிதத்துக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, அஞ்சலுக்கு ஒன்று என்று விட்டுவிட்டு மற்றதை மறைத்தேன். பட்டியல் என் உள்ளங்கை நீளத்துக்குள் வந்தது. எழுத்துகளை மலையாளத்தில், பெரிதாகப் போட்டேன். பயிற்சி வகுப்புக்கு வந்த கிளார்க்குகள் எல்லோரும் ஒரே காலையில் பழகிக்கொண்டார்கள். எனக்குத் தலை சற்றுக் கனத்துவிட்டது என்று அன்றைய குறிப்பைப் பார்த்தால் தெரிகிறது.

அந்தக் கனத்தில்தான் அந்தப் பெட்டியை வரைந்தேன்.

எழுதிய கடிதத்தை மூடும்போது கணினி ஒரு சிறு பெட்டியைத் திறந்து, இதைச் சேமிக்கவா, விட்டுவிடவா என்று கேட்கும். அது சாம்பல் நிறத்தில், ஓரத்தில், கண்ணில் படாமல் வந்துகொண்டிருந்தது. நான் அதை இரண்டு மடங்கு பெரிதாக்கித் திரையின் நடுவுக்குக் கொண்டுவந்தேன். சுற்றிலும் பச்சை விளிம்பு. பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி, யாரையும் பயமுறுத்தாது என்று தாளின் ஓரத்தில் காரணமும் எழுதினேன். கையெழுத்தும் போட்டேன்.

சோதனைக்கு நகரின் நடுவில் ஓர் இயக்குநரகத்தில் ஒரு பிரிவைத் தந்தார்கள். மூன்று மாதம். நன்றாக நடந்தால் மற்ற அலுவலகங்களுக்கும் போகும். இல்லாவிட்டால் எங்கள் மாடியைப் பூட்ட வேண்டியதுதான். இரண்டாம் மாதம் தொடங்கியபோதே புகார் வந்தது. காலையில் ஓடுகிற கணினி மதியத்துக்குள் நகர மறுக்கிறது. மவுஸை அசைத்தால் அம்பு ஒரு நிமிடம் கழித்து அசைகிறது. எங்கள் நிரலாளர் மன்சூர், சாலைக் கடைத்தெருவில் வியாபாரம் செய்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, போய்ப் பார்த்துவிட்டு மெமரி போதவில்லை என்றார். கூடுதல் மெமரி வாங்க அனுமதி கேட்டு எழுதினோம்.

பதில் வருவதற்குள் விஷயம் முற்றிவிட்டது. சட்டசபையில் கேட்ட கேள்வி ஒன்றுக்கு அந்தப் பிரிவிலிருந்து பதில் போக வேண்டும். கிளார்க் லில்லி புஷ்பம் அதை முதல் நாளே தட்டச்சு செய்திருந்தார். மறுநாள் காலை அது கணினியில் இல்லை. பதில் சபைக்குத் தாமதமாகப் போனது. லில்லிக்கு மெமோ வந்தது.

லில்லி பாறசாலைக்காரர். எல்லைப் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். தினமும் காலை ரயிலில் தம்பானூரில் இறங்கி நடந்தே அலுவலகம் போவார். பதினெட்டு வருட சர்வீசில் ஒரு கருப்புப் புள்ளி கிடையாது. தலைமை கிளார்க் பதவி உயர்வுப் பட்டியலில் அடுத்த பெயர் அவருடையது. மெமோ நிலைத்தால் அந்தப் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும்.

துணை இயக்குநர் எங்களைக் கூப்பிட்டு, கோபப்படாமல், நறுக்கென்று சொன்னார். கடிதம் காணாமல் போனதற்குக் கணினி காரணமா, கிளார்க் காரணமா என்று அவர் மேலே எழுதியாக வேண்டும். கணினி என்றால் சோதனை முடிந்தது, பெட்டிகளைக் கட்டிக்கொள்ளலாம். கிளார்க் என்றால் மெமோ உறுதி. ஒரு வாரத்தில் எங்கள் அறிக்கை வேண்டும்.

படியிறங்கும்போது மன்சூர் என்னிடம் மெதுவாக, "சாமி, கணினியில ஒரு தப்பும் இல்ல. எல்லாப் பதிவையும் பார்த்துட்டேன். நான் உள்ளதைத்தான் எழுத முடியும்" என்றார். கணினியில் தப்பில்லை என்று எழுதினால் யார் தலையில் விழும் என்பது அவருக்கும் தெரியும். தெருவுக்கு வந்ததும் விமலா மேடம் என்னைப் பார்த்து, திங்கள்கிழமை முதல் போய் உட்காரச் சொன்னார்.

திங்கள்கிழமை காலை பத்தேகால் மணிக்கு லில்லிக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இடது கை தொடைக்கு அடியில். அவர் ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்து முடித்தார். வேகமான கை, பிழையில்லை. மூடினார். என் பெட்டி பச்சை விளிம்போடு நடுவில் வந்து நின்றது. அவர் மவுஸிலிருந்து கையை எடுத்தார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, பிரிவின் சூப்பிரண்டு சுகுமாரன் சாரின் நாற்காலியைப் பார்த்தார். அவர் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார், நாற்காலி காலி. லில்லி அந்தப் பெட்டியைக் கடிதத்தோடு சேர்த்து இழுத்து, திரையின் வலது ஓரத்துக்குத் தள்ளினார். ஒரு கீற்று மட்டும் தெரிந்தது. அடுத்த கடிதத்தைத் திறந்தார்.

மதியத்துக்குள் வலது ஓரத்தில் பதினேழு பச்சைக் கீற்றுகள். டிஸ்க் ஓடும்போது மட்டும் மினுக்க வேண்டிய சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது. திறந்து கிடந்த அத்தனை கடிதங்களையும் சுமக்க முடியாமல் அது திணறிக்கொண்டிருந்தது. மெமரிக் குறைவு என்று நாங்கள் எழுதியது இதைத்தான். ஐந்து மணிக்கு மணியடித்தது. சுகுமாரன் சார் வரவில்லை. பியூன் வந்து, தீ விபத்துக்குப் பயந்து போட்ட விதிப்படி, மெயின் சுவிட்சை இறக்கினார். அத்தனையும் போயின. மறுநாள் காலையில் லில்லி எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்தார். முகத்தில் ஒரு சலிப்பும் இல்லை. அவர் கை வேகத்தால்தான் இது இத்தனை நாள் யாருக்கும் தெரியாமல் நடந்திருக்கிறது. சட்டசபைக் கேள்வி அன்று மட்டும் மறுநாள் வரை பொறுக்கவில்லை.

முதல் நாள் குறிப்பில் நான் எழுதியது: 'சேமிக்கத் தெரியவில்லை. மறுபயிற்சி தேவை.' இதை அடிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். இரண்டாம் நாள் சூப்பிரண்டு இருக்கையில் இருந்தார். பெட்டி வந்ததும் லில்லி எழுந்து போய் நின்றார். சுகுமாரன் சார் எரிச்சலோடு வந்து ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனார். பத்து நிமிடத்தில் மறுபடி. பயிற்சி வகுப்பில் முதலாவதாகச் சேமித்துக் காட்டியவர் இந்த லில்லிதான் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. பழைய குறிப்பை எடுத்துப் பார்த்தேன். ஆமாம், அவர்தான். தெரியாமல் இல்லை.

மூன்றாம் நாள் மாலை, என் ஒரே கேள்வியைக் கேட்டேன். "அந்தப் பெட்டி வந்ததும் மவுஸ்லேர்ந்து கையை ஏன் எடுத்துட்டேள்?"

லில்லி என்னை விநோதமாகப் பார்த்தார். இவ்வளவு பெரிய மனுஷனுக்கு இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை.

"அது கேக்குதது என்கிட்ட இல்லல்லா சாரே. வைக்கணுமா, களையணுமான்னு கேக்குது. கிளார்க்கு எழுதி மேல வைக்கலாம், அவ்வளவுதான். வேணும் வேண்டாம்னு சொல்லுதது சூப்பிரண்டு. அதுவும் பச்சையில கேக்குது. பச்சை மையில ஆபீசருல்லா எழுதுவாரு."

அரசு அலுவலகம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கிளார்க் வரைவு எழுதி மேலே அனுப்புவார். மேலதிகாரி ஓரத்தில் திருத்துவார். திருத்திய பின் புதுப் பிரதி எழுதுவார்கள். பழைய வரைவு அதற்கு அடியில் கட்டப்பட்டு அப்படியே இருக்கும். ஒரு வரைவைக் கிழித்துப் போடும் அதிகாரம் கிளார்க்குக்கு எந்த விதியிலும் இல்லை. பச்சை மை உயர் அதிகாரிகளுக்கு மட்டும் உரியது. பதினெட்டு வருடம் இதை ஒரு நாளும் மீறாத ஒருவருடைய திரையின் நடுவில், பச்சைக் கோடு போட்டு, 'விட்டுவிடவா?' என்று நான் கேட்டிருக்கிறேன். பயிற்சி வகுப்பில் அது விளையாட்டுக் கடிதம், பெட்டியும் பழைய சாம்பல் நிறம், அதனால் தயங்காமல் அழுத்தினார். இங்கே அது கோப்பு.

சாம்பல் நிறத்தில் ஓரத்தில் இருந்தவரை அந்தப் பெட்டியை யாரும் பொருட்படுத்தவில்லை. ஏதோ ஒன்றை அழுத்திவிட்டுப் போயிருப்பார்கள். அதை நான் மேம்படுத்தினேன்.

அந்த வாரக் கடைசியில் துணை இயக்குநரின் அறையில் கூடினோம். கணினியா, கிளார்க்கா என்று அவர் மறுபடி கேட்டார். நான் கிராஃப் தாளை மேசைமேல் வைத்தேன். இரண்டும் இல்லை, இந்தப் பெட்டி, இதை வரைந்தவன் நான், அடியில் என் கையெழுத்து இருக்கிறது என்றேன். மூன்று நாள் குறிப்பையும் வாசித்தேன். பச்சை மை பற்றி வாசித்தபோது துணை இயக்குநர் தன் சட்டைப்பையிலிருந்த பச்சைப் பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சுகுமாரன் சார், தினமும் முப்பது தடவை எழுந்து போய் அழுத்தியது வீணா என்று மலையாளத்தில் முணுமுணுத்தார். மெமோவை நிறுத்திவைத்து எங்களுக்குப் பதினைந்து நாள் தந்தார்கள்.

வெளியே வந்ததும் மன்சூர் சொன்னார்: "குளிர்ச்சின்னு பெயிண்ட் அடிச்சீங்க. ஆபீஸே உறைஞ்சு போச்சே சாமி."

பெட்டியின் நிறத்தை மாற்றினால் போதும் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். புதுத் தாளில் சாம்பல் விளிம்போடு வரைந்து கொண்டுபோனேன். மேடம் ஸ்கேலை எடுக்கவே இல்லை. "ஆர்க்கு வேண்டி?" என்றார். யோசித்தேன். லில்லிக்கு அந்தக் கேள்வி வேண்டாம். சூப்பிரண்டுக்கும் வேண்டாம். கேள்வி வேண்டியது கணினிக்கு மட்டும்தான். பெட்டியே தேவையில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

எழுதுவது எழுதும்போதே பதிய வேண்டும். மூடினால் கோப்பு அடுக்கில் போய் உட்கார வேண்டும், எதுவும் கேட்கக் கூடாது. பழைய வரைவுகள் எதுவும் அழியாமல், காகிதத்தில் இருப்பதைப் போலவே, புதியதற்கு அடியில் நேரம் குறித்து வரிசையாக இருக்க வேண்டும். இன்று எல்லோருடைய கைபேசியிலும் இது சாதாரணம். அன்று மன்சூர் தலையில் கைவைத்தார். கேட்காமல் சேமிப்பது முறையில்லை, டிஸ்க் நிரம்பிவிடும் என்று வாதாடினார். ஆனால் லினக்ஸ் என்பதால் அந்தக் கடித நிரலின் மூலவரிகள் முழுவதும் எங்கள் கையில் இருந்தன. பிரித்து மாற்ற யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. மாறிய வரிகளை மட்டும் சேமிக்கும்படி எழுதினார். டிஸ்க் பிரச்சினை தீர்ந்தது.

ஒன்பதாம் நாள் பெரிய அடி விழுந்தது. தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தோம். மறுபடி திறந்தால் கோப்பின் பெயர் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. பழையதும் போய்விட்டது. முன்னைவிட மோசம். மன்சூர் இரண்டு நாள் நிரலை வரி வரியாகப் பிரித்துப் பார்த்தார். புதியது டிஸ்கில் உண்மையாகவே இறங்கிவிட்டதா என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் பழையதன் இடத்தில் அதை வைக்க வேண்டும் என்று கண்டுபிடித்து மாற்றினார். பிறகு நாற்பது தடவை பிளக்கைப் பிடுங்கினோம். நாற்பது கோடுகள் நாட்குறிப்பில் ஐந்து ஐந்தாக இருக்கின்றன. ஒரு தடவையும் கோப்பு காலியாகத் திறக்கவில்லை.

பதினைந்தாம் நாள் காலை பதினொன்றரை. துணை இயக்குநர், சுகுமாரன் சார், விமலா மேடம், மன்சூர், நான், எல்லோரும் லில்லியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றோம். அவர் ஒரு கடிதத்தை முடித்து மூடினார். பழக்கத்தில் கை மவுஸிலிருந்து எழுந்தது. பெட்டி வரவில்லை. கடிதம் அடுக்கில் போய் உட்கார்ந்தது. கையை அந்தரத்தில் வைத்தபடி ஒரு கணம் காத்திருந்துவிட்டு, அடுத்ததைத் திறந்தார். காலையிலிருந்து அவர் முடித்த இருபத்திரண்டு கடிதங்களும் அடுக்கில் இருந்தன. திரையின் வலது ஓரம் சுத்தமாக இருந்தது. சிவப்பு விளக்கு எப்போதாவது ஒரு முறை கண் சிமிட்டியது.

துணை இயக்குநருக்குத் திருப்தி. கிளம்பத் திரும்பினார். விமலா மேடம் அவரை நிறுத்தினார். ஒரு வாக்கியத்தின் பாதியில் சுவரில் உள்ள சுவிட்சை அணைக்கும்படி லில்லியிடமே சொன்னார்.

லில்லி திரும்பிப் பார்த்தார். "இதுக்கு ஆருக்க ஒப்பு வேணும் மேடம்?" ஒப்பு என்றால் அந்தப் பக்கத்தில் கையெழுத்து.

"ஆர்க்கும் வேண்டா."

அணைத்தார். திரை கருத்தது. மறுபடி போட்டார். கணினி எழுந்து வர மூன்று நிமிடம் ஆனது. துணை இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என் இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டேன். திரை வந்தது, அடுக்கு வந்தது. லில்லி கடிதத்தைத் திறந்தார். அது அதே வாக்கியத்தின் பாதியில் நின்றது. சரியாகச் சொல்ல வேண்டுமானால், கடைசி இரண்டு சொற்கள் இல்லை. லில்லி அந்த இரண்டு சொற்களை அடித்து, வாக்கியத்தை முடித்து, அடுத்த பத்திக்குப் போய்விட்டார். நாங்கள் ஐந்து பேர் பின்னால் நிற்பதையே அவர் மறந்துவிட்டார். மேடம் என்னைப் பார்த்து ஒரு முறை தலையாட்டினார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

மூன்றாம் மாத முடிவில் அந்த டெஸ்க்டாப் அந்த இயக்குநரகத்தின் எல்லாப் பிரிவுகளுக்கும் போனது, அடுத்த வருடம் வேறு அலுவலகங்களுக்கும். எங்கள் மாடி இரண்டு அறையிலிருந்து ஐந்தானது. பச்சை நிறத்தை அதிகாரிகளின் திரைக்கு மட்டும் வைத்தோம். என் கிராஃப் தாளை மேடம் சட்டம் போட்டு, புதிதாகச் சேருகிறவர்கள் கண்ணில் படும்படி வாசலருகே மாட்டினார். அவமானமாக இருக்கிறதா என்று மன்சூர் கேட்டார். இல்லை என்றேன். உண்மைதான்.

அதற்கெல்லாம் முன்பே, சுவிட்சை அணைத்துப் பார்த்த நான்காம் நாள் மதியம், எங்கள் மாடிக்கு ஒரு தொலைபேசி வந்தது. லில்லி புஷ்பம்.

"சாரே, மெமோவை ரத்து பண்ணி ஆர்டர் வந்தாச்சு. பச்சை மையில."

சந்தோஷம் என்றேன். சூப்பிரண்டு சார் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"அவரு லீவு. வாங்கிக்கிட்டதுக்கு நானே ஒப்பு போட்டுட்டேன்."